நாலாம் நம்பர் மைக்ராஸ்கோப்

காற்றுக் குமிழி ஒன்றுக்கு நான் உட்கரு வரைந்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் செய்முறை ஏட்டில், மூன்றாம் பக்கம். என் கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, மேலே கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாய்த்து இறக்காமல் தொப்பென்று போட்டதில் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அது. கறுப்பு விளிம்பும் பளபளக்கும் நடுப்பகுதியுமாக, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக இருந்தது. என் கன்னத்துக்குள் இவ்வளவு ஒழுங்கா என்று கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். உட்கருவை மட்டும் காணவில்லை. புத்தகத்தில் இருந்ததால் அதையும் நடுவில் ஒரு புள்ளியாக வைத்து, அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதினேன். உயிரியல் சார் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதே நாளில், அதே மைக்ராஸ்கோப்பில், அதே ஸ்லைடைப் பார்த்த இன்னொருத்தியின் ஏட்டில் மூன்றாம் பக்கத்து வட்டம் காலியாக இருந்தது. கீழே பென்சிலால் ஒரு வரி: 'செல் தெரியவில்லை. காற்று தெரிகிறது.' சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'மீண்டும் வரைக' என்று எழுதினார். அவள் மீண்டும் வரையவில்லை. ஆண்டு முடிவில் அவள் ஏட்டில் அப்படி ஏழு வட்டங்கள் காலியாகக் கிடந்தன.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்காமல் எழுதுகிறேன் என்கிற குறுகுறுப்புக்கு என்னாலான மரியாதை இது.

எங்கள் பள்ளியில் பையன்கள் தனி பெஞ்சு, பெண்கள் தனி பெஞ்சு. சோதனைச்சாலையிலும் அப்படித்தான். ஆனால் இருவருக்கு ஒரு மைக்ராஸ்கோப் என்று சார் பிரித்தபோது பையன்களில் ஒருவன் மிஞ்சினான், பெண்களில் ஒருத்தி மிஞ்சினாள். பையன்களில் யாரும் ஜோடியாக ஏற்காத அந்த ஒருவன் நான். அவள் மிஞ்சியது, திரேஸ்புரத்துப் பள்ளியிலிருந்து இரண்டு வாரம் தாமதமாக வந்து சேர்ந்ததால். எங்களுக்கு வாய்த்தது நாலாம் நம்பர். அதில் மின்விளக்கு கிடையாது. அடியில் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தை உள்ளே அனுப்ப வேண்டும். கிழக்கு ஜன்னல் என்பதால் காலையில் கடற்கரை வெளிச்சம் கண் கூசும், பதினொரு மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது.

சார் முதல் நாளே முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். முதலில் சின்ன லென்ஸ். பெரிய திருகைத் திருப்பி லென்ஸை ஸ்லைடுக்குக் கிட்டே இறக்கும்போது ஐபீஸில் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் குனிந்து இடைவெளியைப் பார்க்க வேண்டும். பிறகுதான் ஐபீஸில் கண் வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு ஐபீஸில் கண்ணை வைத்து, இன்னொரு கண்ணைக் கையால் பொத்தி, திருகைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே போனேன். கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கவர்ஸ்லிப் நான்காக உடைந்திருந்தது. சார் அடுத்த மேஜையில் இருந்தார்.

அவள் கத்தவில்லை, சிரிக்கவுமில்லை. உடைந்த துண்டுகளைத் தாளால் தள்ளி எடுத்தாள்.

"வெளிய பாத்து இறக்கு. உள்ள பாத்து ஏத்து," என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான். மற்றபடி எங்கள் உரையாடல் 'தெரியுதா', 'தெரியல' என்ற இரண்டு சொற்களில் ஓடியது. நான் கேட்பேன். அவள் இடது கையால் சடையைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு குனிவாள். சடை ஸ்லைடில் பட்டுவிடக் கூடாதென்று. நேரம் எடுத்துப் பார்ப்பாள். பிறகு "தெரியல" என்பாள். அதில் வருத்தமோ கூச்சமோ இருக்காது. கடையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல் இருக்கும்.

எங்கள் வகுப்பில் தெரியவில்லை என்று சொல்பவர் வேறு யாரும் இல்லை. எல்லோருக்கும் எல்லாமே தெரிந்தது. புத்தகம் மடியில் விரிந்திருந்தது.

அவளிடம் எனக்கு எரிச்சல் தந்த பழக்கம் ஒன்று உண்டு. நான் பாடுபட்டுப் படத்தைத் தெளிவாக்கி வைத்துவிட்டு நகர்ந்ததும், அவள் குனிந்து சிறிய திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிடுவாள். அவள் நகர்ந்து நான் போனால் எல்லாம் கலங்கலாக இருக்கும். நான் மறுபடி பழைய இடத்துக்குத் திருப்புவேன். அவள் மறுபடி. என் திறமையின் மீதான விமர்சனம் என்றே இதை எடுத்துக்கொண்டேன். ஒருமுறை, "நான் வச்சதுல என்ன குறை?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியல," என்றாள். திமிர் என்று நினைத்தேன்.

திமிருக்கு வேறு சாட்சியங்களும் இருந்தன. கடைத்தெருவில் எதிரே வருவாள். நான் சிரித்தால் சிரிக்க மாட்டாள். என்னைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருப்பாள். ஆனால் வகுப்பில் கதை வேறு. கரும்பலகையில் சார் எழுதுவதை எழுதிக்கொள்ளாமல், மணியடித்ததும் என் நோட்டைக் கேட்டு வாங்கி, முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு எழுதுவாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள், ஐந்தாம் பெஞ்சுக்காரனின் நோட்டை ஏன் வாங்க வேண்டும்? இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். வெளியே பார்க்கும்போது வெட்கம், உள்ளே அன்பு என்று விடை வந்தது. அன்றிலிருந்து கையெழுத்தைத் திருத்தினேன். தலையைப் படிய வாரினேன். சோதனைச்சாலை நாட்களில் பவுடரும் போட்டேன். நோட்டைத் திருப்பித் தரும்போது அவள் சொன்னதெல்லாம், "எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுது" என்பது மட்டும்தான்.

ஒரே ஒரு நாள் அவள் நிறையப் பேசினாள். கடல் தண்ணீர் கொண்டு வரச் சொல்லியிருந்தார் சார். அவள் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். படகிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு வந்து, அவரே பள்ளி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். நீலக் கட்டம் போட்ட கைலி, குட்டையான மனிதர், கழுத்து தடித்திருந்தது. நான் அவரைப் பார்த்தது அந்த இரண்டு நிமிடம்தான், அதுவும் மாடிப் படியிலிருந்து. இந்த விவரம் பிறகு தேவைப்படும்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்து அவள் அரை மணி நேரம் குனிந்தே நின்றாள். "கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணு. ஓரத்துல கோடு கோடா. உள்ள தேன் கலர். இன்னொண்ணு படகு மாதிரி, நகருது," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஐபீஸுக்குள் சொன்னாள். அப்படியே வரைந்தாள். அது என்ன என்று சார் கேட்டார். தெரியாது என்றாள். தெரியாததை எப்படி வரைந்தாய் என்றார். "பாத்தேன் சார்," என்றாள். அந்தப் படத்துக்குப் பெயர் இல்லாததால் சார் கையெழுத்துப் போடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில், அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம், அவள் அப்பா போன படகு காற்றில் கவிழ்ந்தது. ஐந்து பேரில் நான்கு பேரை வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. அவரை மட்டும் காணவில்லை. அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மா உடல் வந்து சேரும்வரை சாப்பிட மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டதாக வகுப்பில் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாளாம்.

ஒன்பதாம் நாள், வடக்கே ஒரு கரையில் உடல் ஒதுங்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். அவளும் அவள் சித்தப்பாவும் அடையாளம் காட்டப் போக வேண்டும். துணைக்கு உயிரியல் சார் கிளம்பினார். அவள் ஜோடி என்ற முறையில் என்னையும் கூட்டிக்கொண்டார். நான் பள்ளிச் சீருடையில் போனேன். வேறு என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அறையைப் பற்றி எனக்கு நினைவிருப்பது டெட்டால் வாசனையும் மேலே சுற்றாத மின்விசிறியும்தான். துணியை விலக்கினார்கள். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று காவலர் முதலிலேயே சொல்லிவிட்டார். நீலக் கட்டம் போட்ட கைலி. குட்டையான உடல். அரைஞாணில் ஒரு சின்னச் சாவி கோத்திருந்தது. சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, அண்ணன்தான் என்றார். சாவியைப் பற்றிக் காவலர் கேட்டதற்கு, எதற்காவது வைத்திருப்பார் என்றார்.

அவள் கிட்டே போனாள். இடது கையால் சடையைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டாள். குனிந்தாள். அவ்வளவு கிட்டே யாரும் அந்த அறையில் குனிந்திருக்க மாட்டார்கள். காவலரே ஓரடி பின்னால் நகர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த உடலின் இடது கட்டைவிரலுக்கு அருகே ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, நேரம் எடுத்துப் பார்த்தாள். சார் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

நிமிர்ந்து, "அப்பா இல்ல," என்றாள்.

அவள் அப்பாவின் இடது கட்டைவிரல் நகம் பல வருஷத்துக்கு முன்பு நங்கூரக் கயிற்றில் மாட்டி நடுவில் பிளந்ததாம். அதன்பிறகு எப்போதும் இரண்டாகத்தான் வளருமாம். இது முழு நகம்.

"ஏளா, ஒம்போது நாள் தண்ணில கெடந்த ஒடம்பு," என்றார் சித்தப்பா. "நகத்தையா பாப்ப? அங்கன ஒங்கம்ம பட்டினியா கெடக்கா."

"நகம் முழுசா இருக்கு சித்தப்பா."

"அப்ப இது யாருளா?"

"தெரியல," என்றாள். சோதனைச்சாலையில் சொல்லும் அதே 'தெரியல'.

காவலருக்கு எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பிள்ளை அதிர்ச்சியில் இருக்கிறது என்று சாரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ அவரப் பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டார்.

நான் மாடிப் படியிலிருந்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. எப்போதும்போல் என் மடியில் புத்தகம் விரிந்திருந்தது, நான் வாசித்தேன்.

"ஆமா சார். அவர்தான். இதே கைலிதான்."

அவள் என் குரல் வந்த திசைக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் என் பக்கமே பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. எனக்கு உள்ளே ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

என் பேச்சை எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது. சித்தப்பாவின் கையெழுத்தே போதுமானதாக இருந்திருக்கும். அன்று மாலையே அடக்கம் நடந்தது. சவப்பெட்டி மூடியே இருந்தது. அவள் கல்லறைத் தோட்டம் வரை வந்தாள், கேட்டுக்கு வெளியே நின்றாள், மண் போடவில்லை. ஊர் அதைப் பற்றி நிறையப் பேசியது. பெற்ற மகளா இவள் என்று ஒருத்தி கேட்டது என் காதிலேயே விழுந்தது. அவள் அம்மா அன்று இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தாள் என்று சார் மறுநாள் சொன்னார். அதைக் கேட்டதும் நான் நல்லதுதான் செய்தேன் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். வெள்ளை ரிப்பன். நாலாம் நம்பர் முன்னால் வந்து நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று பயந்தேன். கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஸ்லைடை வைத்தாள். பக்கவாட்டில் குனிந்து லென்ஸை இறக்கிவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"ஏத்து," என்றாள்.

ஏற்றினேன். என்ன தெரிந்தது என்று இப்போது நினைவில்லை.

பொதுத்தேர்வின் செய்முறையில் மைக்ராஸ்கோப்களை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு. குனிந்து பார்த்து இன்னது என்று எழுத வேண்டும். எங்கள் ஊர் வழக்கம், முதலில் எழுதி முடித்தவன் வெளியே வந்து வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு வரிசையைச் சொல்லிவிடுவது. அந்த வருஷம் முதலில் வந்தவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகன். இன்று அதே கடையில் உட்கார்ந்திருக்கிறான். "நாலாவது அமீபா. பாக்கவே வேண்டாம்லே, எழுது," என்றான். நான் உள்ளே போய் நாலாவதில் குனிந்தேன். பழைய ஸ்லைடு. ஒட்டியிருந்த பசை காய்ந்து உள்ளே காற்று புகுந்திருந்தது. கறுப்பு விளிம்பு, பளபளக்கும் நடு, வட்டம். இந்த முறை எனக்கு அது என்ன என்று நன்றாகவே தெரிந்தது. அமீபா என்று எழுதினேன்.

அவளிடமும் வராந்தாவில் வரிசையைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டாள். நாலாவதுக்கு என்ன எழுதினாய் என்று பிறகு கேட்டேன். "காத்து," என்றாள்.

தேர்வு முடிந்து, முடிவு வரும் முன்பு, ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊருக்கு வந்தது. அவர்கள் வீட்டு மனிதர் ஒரு விசைப்படகிலிருந்து விழுந்து காணாமல் போயிருந்தார். அவள் அப்பா போன அதே வாரம். காவல் நிலையத்தில் உறைக்குள் இருந்த சாவியைக் காட்டினார்கள். வந்தவர்கள் ஒரு தகரப் பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். சாவி அதைத் திறந்தது.

அவர்கள் உடலைத் தோண்ட வேண்டாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். மரச் சிலுவையில் இருந்த பெயரைச் சுரண்டி, மேலே வேறு பெயரை எழுதினார்கள். பெயிண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அடியிலிருந்த எழுத்துகள் தெரியும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டது. அதன் பலனாக அவள் அப்பாவுக்குக் கல்லறை இல்லாமல் போனது. அவர் பிறகும் கிடைக்கவில்லை. அவள் அம்மா மறுபடி வாசலில் உட்கார்ந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கோடையில் அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். வெளிநாட்டில் ஏதோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று ஒருவர் சொன்னார். மணப்பாட்டில் டீச்சராக இருக்கிறாள் என்றார் இன்னொருவர். நான் பார்க்கவில்லை.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது போன மாதம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்து பிடிபடவில்லை. அந்த வராந்தா நண்பனின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, எதிர்ச்சுவர் அட்டையைப் படிக்கச் சொன்னான். கடைசி வரி வரை மளமளவென்று படித்தேன்.

"கடைசி வரி தப்பு. ஊகிக்காதலே," என்றான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நீ ஊகிச்சா பவர் தப்பா வரும்."

அந்தச் சட்டத்தை மாட்டிக்கொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமனையில் நான் சொன்ன 'ஆமா'வை முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். பிறகு, கொஞ்சம் எழுத்தாளத் தொனியில், அவளைப் போல் உண்மைக்கு அவ்வளவு கிட்டே குனிந்து பார்த்தவர்கள் நம் ஊரில் வேறு யாரும் இல்லை, அவள் ஒரு தவம் செய்வதுபோலப் பார்த்தாள் என்றேன்.

அவன் லென்ஸ் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்குக் கண்ணு பவர் மைனஸ் ஆறுலே," என்றான். "கிட்டக் கொண்டு போனாத்தான் எதுவும் தெரியும். அவங்க அப்பா எங்க கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு. எங்கப்பாதான் டெஸ்ட் பண்ணாங்க. ஃப்ரேம்கூட எடுத்து வச்சாச்சு. சங்கு சீசன் முடியட்டும், வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனாரு. மைக்ராஸ்கோப்புல மட்டும் தன் கண்ணுக்குத் தக்கனத் திருகிக்கிடலாம்லா. அதுக்கு ஒழுங்காத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

லென்ஸைச் சட்டத்தில் பொருத்தி, என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராக வைத்தான்.

"ரெண்டு வருஷம் பக்கத்துலயே நின்ன. நீ என்னத்தலே பாத்த?"